வியாழக்கிழமை முதல் பஸ்

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். காலையில் குளித்து, விபூதி பூசி, விளக்கேற்றி, முருகனைக் கும்பிட்டு முடித்ததும் நான் பார்ப்பது அதைத்தான். நான் எட்டாவது வரை படித்தவன். கணக்கு வராமல்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஆனால் ராகுகாலமும் எமகண்டமும் ஏழு நாளுக்கும் எனக்கு மனப்பாடம்.

வியாழக்கிழமை எமகண்டம் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து யாரும் வெளியூர் கிளம்பக் கூடாது. மாடு கறக்கலாம், வாசல் தெளிக்கலாம், பின்னால் இருக்கும் மரவள்ளிக் கொல்லைக்குப் போய்வரலாம். தெருவாசலைத் தாண்டிப் பயணம் வைக்கக் கூடாது. என் அண்ணன் ஒரு வியாழக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மலைப்பாதை வளைவில் விழுந்தார். கால் முறிந்து, இன்றைக்கும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் கறார். அந்தக் கறார் என் மகளின் படிப்பை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மகள் படிக்கும் கல்லூரி கள்ளக்குறிச்சியைத் தாண்டி. எங்கள் ஊருக்குக் காலை ஆறே முக்காலுக்கு ஒரு பஸ் வரும். அது ஒவ்வொரு ஊராகப் புகுந்து புறப்பட்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர எட்டு மணி ஆகிவிடும். அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ், இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. எட்டரைக்கு முதல் மணி அடிக்கும்போது வகுப்பில் இருக்கலாம். அதை விட்டால் அடுத்த பஸ் ஏழே முக்காலுக்கு. அதில் போனால் முதல் வகுப்பு முடிந்துவிடும்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் அவள் கேட்டாள்.

“அப்பா, வியாழக்கிழமையும் மொத பஸ்லயே போவட்டுமா?”

“எமகண்டம்மா. ஏழரை தாண்டட்டும். ஒரு கிளாஸ் போனா இன்னா, மிச்சத்த நல்லா படிச்சுக்க.”

“சரிப்பா.”

ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். முதல் மணிக்கு இல்லாதவர்களுக்கு அரை நாள் வருகை போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. அவளும் அதைச் சொல்லவில்லை. வியாழக்கிழமைதோறும் ஏழரை வரைக்கும் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவோரம் நின்றபடி ஏதோ படித்துக்கொண்டிருப்பாள். நல்ல பிள்ளை, நேரத்தை வீணாக்க மாட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் கல்லூரியிலிருந்து ஒரு தபால் வந்தது. மகளின் வருகைப் பதிவு போதாது, பெற்றோர் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் பருவத் தேர்வு எழுத அனுமதி கிடையாது என்று அச்சடித்த தாள். மூன்று தடவை படித்தேன். தினமும் காலையில் என் கண்ணெதிரே பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண். அப்புறம் எங்கே போகிறாள்?

சாயங்காலம் அவள் வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

“இன்னா பாப்பா இது? காலேஜுக்குன்னு கெளம்பி எங்க போற நீ?”

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். கோபப்படவில்லை.

“நாலஞ்சு நாளு பஸ்ஸு நிக்காம போய்டுச்சுப்பா. மக்காச்சோளம் ஒடிக்க நீங்க இருக்கச் சொன்ன நாளு ஒரு மூணு. மிச்சமெல்லாம்...” என்று நிறுத்தினாள். பிறகு தலையைக் குனிந்தபடி சொன்னாள். “மிச்சமெல்லாம் வியாழக்கிழமைப்பா.”

அடுப்படியில் என் மனைவி கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை. வந்து என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவனுக்குத் தெரியாத ஆளும் இல்லை, தெரியாத வழியும் இல்லை. அக்காள் போனில் சொன்ன அரை மணி நேரத்தில் வண்டியில் வந்து நின்றான்.

“இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்களே மாமா. தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரு இருக்காரு. மஞ்சக்காமாலைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா முடிஞ்சுது சோலி.”

“யாருக்கு மஞ்சக்காமாலை?”

“பாப்பாவுக்குத்தான். பின்ன எனக்கா?”

“அவளுக்கு எப்படா வந்துது?”

“வரணும்னு இல்ல மாமா. வந்த மாதிரி எழுதுனா போதும். எல்லாரும் அத்தத்தான் பண்றாங்க.”

“வாயக் கழுவுடா” என்று உள்ளேயிருந்து அவன் அக்காள் அதட்டினாள்.

எனக்கும் அதுதான் மனசில் தைத்தது. இந்தப் பெண்ணுக்கு ஒரு நோவும் வரக் கூடாது என்று கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவன் நான். இல்லாத நோயை நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு நீட்டுவதா? கூப்பிடாத விருந்தாளியை வாசலில் நின்று வாவென்று அழைப்பது போல இருக்காதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு, “உங்க எமகண்டத்த நம்பிக்கினு இருங்க, அது வந்து பரீட்சை எழுதும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து நானே கடிதம் எழுதினேன். “வணக்கம். என் மகள் மேல் தப்பு இல்லை. வியாழக்கிழமை காலையில் எமகண்டம் என்பதால் நான்தான் முதல் பஸ்ஸுக்கு அனுப்பவில்லை. அரை நாள் போகும் என்று எனக்குத் தெரியாது. இதற்குத் தண்டனை இருந்தால் எனக்குக் கொடுங்கள். அவளைப் பரீட்சை எழுத விடுங்கள்.” இதை எழுதி முடிக்க ஒரு பொழுது ஆனது.

திங்கட்கிழமை மகளோடு முதல் பஸ்ஸுக்குப் போனேன். ஒன்றரை வருஷமாக அவள் போய்வரும் வழியில் நான் கூடப் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் பிள்ளையார் கோயில் எதிரே, நிறுத்தத்தில் போய் நின்றேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அங்க நின்னா ஏற முடியாதுப்பா. இங்க வாங்க.”

நாற்பது அடி தள்ளி, வேகத்தடைக்குப் பக்கத்தில் கூட்டிப் போனாள். அங்கே ஏற்கெனவே ஐந்தாறு பெண்கள். பஸ் நிறைந்து வந்தால் நிறுத்தத்தில் நிற்காது. ஆனால் வேகத்தடையில் மெதுவாகப் போயே தீர வேண்டும். அந்த இடைவெளியில் தொற்றிக்கொள்ள வேண்டும். இது அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வித்தை. என் மகள் தொற்றிக்கொண்டு படிப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கே நின்றவர்களில் ஒரு பெண் கரியாலூருக்கும் அப்பால் மலை மேலிருந்து வருகிறவள். என் மகளின் வகுப்புத்தான். ஐந்து மணிக்கே கிளம்பி, ஜீப்பிலோ பால் வண்டியிலோ கீழே இறங்கி, எங்கள் ஊரில் வந்து இந்த பஸ்ஸைப் பிடிக்கிறாள். காலெல்லாம் செம்மண். டீக்கடையிலிருந்து இரண்டு பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு போனேன். இருவருமே வேண்டாம் என்றார்கள். தண்ணீராவது குடியுங்கள் என்றேன். அதுவும் வேண்டாமாம்.

“சாயங்காலம் வூட்டுக்குப் போயி குடிச்சுக்கறோம்பா” என்றாள் மகள்.

“சாயங்காலமா? அதுவரைக்கும்?”

மலைப் பெண் சிரித்துவிட்டாள். “தண்ணி குடிச்சுட்டா வழியில எங்கப்பா போறது? ரெண்டு பஸ் மாறணும்.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டீயை நானே குடித்தேன். இரண்டு கிளாஸையும். மகளுக்குச் சாயங்காலம் ஆனால் தலைவலி வரும். கண்ணேறு என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். மிளகாய் நெடியே வரவில்லை, பார், எவ்வளவு திருஷ்டி என்று பெருமையாகச் சொல்லவும் சொல்வேன். அந்தப் பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறது.

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியில் சாய்ந்து, ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்கள். கண்டக்டர், “யம்மா படிப்பாளிங்களா, உள்ள போங்க, படிக்கட்டுல ஆளுங்க தொங்குறாங்க” என்றார். மகள் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்றால் மலைப் பெண் புரட்டுவாள். அவளுக்கு வேண்டும் என்றால் இவள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே போனேன்.

துறைத் தலைவர் ஓர் அம்மா. உட்காரச் சொன்னார். என் கடிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இத நீங்களேதான் எழுதினீங்களா?”

“ஆமாங்கம்மா. எழுத்து கோணலா இருக்கும்.”

“எழுத்துக்கு இன்னாங்க. காரணத்தத்தான் பார்க்கறேன். எங்கிட்ட மஞ்சக்காமாலைன்னு லெட்டர் வந்திருக்குது, டைபாய்டுன்னு வந்திருக்குது. ஒரே பையனுக்கு ஒரே தாத்தா மூணு தடவ செத்திருக்காரு. எமகண்டம் இதான் மொத தடவ.”

எனக்குச் சிரிப்பதா, தலை குனிவதா என்று தெரியவில்லை. மகள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னலைப் பார்த்தாள்.

“உண்மைய எழுதினீங்க, நல்லது. ஆனா உண்மைய எழுதினா வருகை ஏறிடாது” என்றார் அந்த அம்மா. “இவ மாதிரி தூரத்திலேர்ந்து வர்ற பிள்ளைங்களுக்கு ஈடு வகுப்பு நடத்தலாம்னு இருக்குது. சாயங்காலம் ஒரு மணி நேரம், சனிக்கிழமை காலையில. மூணு வாரம். யாரும் கேக்க வரலைன்னு நானும் ஆரம்பிக்காம இருந்தேன். அதுக்கு ஒழுங்கா வந்தா முதல்வர்கிட்ட நான் பேசி ஹால் டிக்கெட் வாங்கித் தரேன்.”

நான் கும்பிடக் கையை எடுத்தேன். அவர் தடுத்தார்.

“இருங்க. இந்த மூணு வாரமும் தினமும் மொத மணிக்கு இருக்கணும். வியாழக்கிழமையும்தான். ஒரு நாள் தப்பினாலும் கையெழுத்துப் போட மாட்டேன். அனுப்புவீங்களா?”

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமிக்குக் கொடுத்த வார்த்தைபோல இத்தனை வருஷம் காத்த கட்டளை ஒரு பக்கம். குனிந்திருந்த அந்தத் தலை ஒரு பக்கம்.

“அனுப்பறேங்கம்மா” என்றேன்.

சொல்லிவிட்டேனே ஒழிய, திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. அண்ணன் தெருவில் சாய்ந்து நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. புதன்கிழமை சாயங்காலம் சாமி மாடத்துக்கு முன்னால் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதாவது விலக்கு எழுதியிருக்கிறதா என்று புரட்டிக்கொண்டிருந்தேன். மனைவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள். தபால் வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் அதிகம் பேசியிருக்கவில்லை.

“ஏங்க, போன வருசம் மக்காச்சோளம் ஏத்த லாரி என்னிக்கு வந்துது?”

“வியாழக்கிழமை. காலையில ஆறரைக்கு.”

“ஏத்துனீங்களா இல்லியா?”

“ஏத்துனேன். மொத நாளே ஒரு மூட்டைய எடுத்துக்கினு போயி டீக்கடையில பரஸ்தானம் வெச்சேனே...”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது.

“மூட்டைக்குத் தெரிஞ்ச பரஸ்தானம் பொண்ணுக்குத் தெரியலியா உங்களுக்கு?” என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

பரஸ்தானம் என்பது எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிளம்ப வேண்டிய நேரம் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரத்தில் பயணத்துக்கான பொருள் ஒன்றை எடுத்துப் போய் வேறோர் இடத்தில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. ஒன்றரை வருஷமாக இது என் தலைக்குள் இருந்திருக்கிறது. மக்காச்சோளத்துக்கு நினைவு வந்தது, மகளுக்கு வரவில்லை.

மகள் ஈடு வகுப்பு முடிந்து வந்ததும் அவள் பையைக் கேட்டேன்.

“பைய வெச்சுட்டா ராத்திரிக்கு எத்தப் படிக்கிறது?”

“ஒரு புஸ்தகத்த எடுத்துக்க. மத்தது இருக்கட்டும்.”

“அப்ப டீக்கடையில வெச்சுடுங்கப்பா. அஞ்சு மணிக்கே தொறந்துடுவாரு” என்றாள். எதிர் வீட்டில் கொடுத்தால் போதும் என்றாள் மனைவி. எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. படிக்கிற பிள்ளையின் பை, பிள்ளையார் காலடியில் இருப்பதுதான் சரி என்றேன். நிறுத்தத்துக்கு எதிரேதான் கோயில். பூசாரி தினமும் காலை ஆறு மணிக்கெல்லாம் கம்பிக் கதவைத் திறந்துவிடுவார். நான் போகும் நாளெல்லாம் திறந்துதான் இருந்திருக்கிறது. சாயங்காலம் பையைப் பிள்ளையார் முன்னால் வைத்து, தேங்காய் உடைத்து, மனசு குளிர்ந்து வந்தேன். பூசாரி கதவைப் பூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆறரைக்கு மகள் கிளம்பினாள். வெறுங்கை. நெற்றியில் விபூதி பூசிவிட்டேன். அவள் படியிறங்கினாள். பை நேற்றே போய்விட்டது, இவள் சும்மா அதன் பின்னால் போகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. எனக்கு யாரும் பரஸ்தானம் வைக்கவில்லையே. எங்கள் வாசலில் நின்றால் கோயில் தெரியும்.

கோயில் வரைக்கும் போனவள் திரும்பிக் கத்தினாள்.

“அப்பா! கதவு பூட்டிக் கெடக்குது!”

“நல்லாப் பாரு!”

“நல்லாத்தான் பாத்துக்கினு இருக்கேன்! பை தெரியுது, கை எட்டல!”

டீக்கடைக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “வியாழக்கிழமை அவரு ஏழரைக்கு மேலதான்பா வருவாரு. எமகண்டத்துல வூட்ட வுட்டுக் கெளம்ப மாட்டாரு. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?”

எனக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமை காலையில் நானே வெளியே வந்ததில்லையே!

அடையாள அட்டை, முதல் வகுப்பில் காட்ட வேண்டிய ரெக்கார்டு நோட்டு எல்லாம் பைக்குள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. “நீ ஏறு! பைய நான் கொண்டாறேன்!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். வேகத்தடையில் அவள் தொற்றுவதைப் பார்த்தேன். பூசாரி வீட்டுக்கு ஓடினேன். அவர் உள்ளே உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“சாமி, கோயிலத் தொறக்கணும்.”

“மணி இன்னா? ஏழரை ஆவட்டும்.”

“பாப்பா பை உள்ள மாட்டிக்கினு இருக்குது. இன்னிக்குப் போவலன்னா பரீட்சை போச்சு.”

அவர் வாயைக் கொப்பளித்தார். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்துச் சன்னல் வழியாக நீட்டினார்.

“நான் வர மாட்டேன். சாவிய எடுத்துக்கினு போ.”

“சாவி போவலாமா?”

“சாவிக்கு ஏதுய்யா எமகண்டம்?”

கதவைத் திறந்து, பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் டிவிஎஸ் வண்டியை எடுத்தேன். பஸ் ஊர் ஊராகச் சுற்றும், நான் நேர் ரோட்டில் போனேன். மக்காச்சோளக் கொல்லைகளில் பனி இருந்தது. ஒரு கரும்பு டிராக்டரைத் தாண்டினேன். “முருகா, பஸ்ஸு எட்டு மணிக்கு மேல வரட்டும்” என்பதுதான் வழியெல்லாம் என் வேண்டுதல். வேறெதுவும் மனசில் இல்லை.

நான் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து வண்டியை நிறுத்தவும், அவர்கள் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மகள் இறங்கினாள், பின்னாலேயே மலைப் பெண். பையைக் கொடுத்தேன். எனக்கு மூச்சு வாங்கியது. மகள் என்னையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள்.

“அப்பா, நீங்க வூட்ட வுட்டுக் கெளம்பும்போது மணி இன்னா?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நடு எமகண்டம்.

மலைப் பெண், “அப்பாவுக்கு யாரு பரஸ்தானம் வெச்சது?” என்று கேட்டாள். பஸ்ஸில் எல்லாக் கதையும் சொல்லியாகிவிட்டது போலும்.

“பைதான் நேத்தே கெளம்பிடுச்சே. நான் அதுகூட வந்தவன்” என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடினார்கள். எட்டரைக்குள் வகுப்பில் இருந்தாளாம். திரும்பி வரும்போது மெதுவாகத்தான் வந்தேன். மலை தெளிவாகத் தெரிந்தது. அண்ணன் விழுந்த அன்றைக்கு மழை பெய்திருந்தது என்பதும், வண்டி டயர் வழுவழுவென்று இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. எனக்கு எப்போதும் தெரிந்திருந்ததுதான். பஞ்சாங்கத்தை நான் கழற்றிவிடவில்லை, அது இன்றும் அதே ஆணியில் இருக்கிறது. ஆனால் சாமி, பிள்ளைகளைத் தடுப்பதற்காக நேரத்தை வைக்கவில்லை என்று அன்றைக்கு நம்பினேன்.

சாயங்கால வகுப்பு முடிந்து வர நேரமானதால், அன்றிலிருந்து ஈடு வகுப்பு முடியும்வரை நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காத்திருந்து கூட்டிவந்தேன். ஈடு வகுப்பில் சேர்ந்த பெண்கள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் மலைப் பக்கமும் அடிவாரமும்தான். பஸ் வரும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். இதைப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

“பொய்ச் சர்டிபிகேட்டு வாங்கித் தர அந்த ஓட்டம் ஓடினியே. உன் கடைக்குப் பின்னாடி வூட்டுக் கதவத் தொறந்து வுடு. புள்ளைங்க கை கால் கழுவட்டும், தண்ணி குடிக்கட்டும்.”

“அக்கா, இது கடையா, சத்திரமா?”

“சத்திரந்தான்னு வெச்சுக்க.”

முணுமுணுத்தான், ஆனால் திறந்துவிட்டான். இரண்டாம் நாளே ஒரு பழைய பெஞ்சு போட்டான். நான்காம் நாள், “மாமா, அந்தப் புள்ளைங்க வந்தா கடையே களையா இருக்குது” என்றான். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அங்கே ஒரு எட்டு, சாயங்காலம் ஒரு எட்டு. மகள் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போக ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை மிளகாய் சுற்ற வேண்டிய தேவை வரவில்லை. கண்டக்டரிடமும் ஒரு நாள் கேட்டேன், வேகத்தடையிலாவது முழுசாக நிறுத்தச் சொல்லி. “ஒங்க பொண்ணு அண்ணான்னு கூப்புட்டா நிறுத்திட்டுப் போறேன்” என்றார். நிறுத்தவும் செய்தார், முக்கால்வாசி நாள்.

அடுத்த இரண்டு புதன்கிழமையும் பை டீக்கடை ஆணியில் தொங்கியது. இரண்டாவது தடவை பார்த்தால் பக்கத்து ஆணியில் இன்னொரு பை. கீழத்தெருவில் ஒருவரின் மகனுடையதாம். அவர் வீட்டிலும் வியாழக்கிழமை காலை எங்கள் வீடு மாதிரிதான் போலிருக்கிறது.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை மத்தியானம் மகள் ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மலைப் பெண்ணும் பக்கத்தில். இருவர் மடியிலும் ஒவ்வொரு தாள். ஹால் டிக்கெட். கீழே முதல்வர் கையெழுத்து. வாங்கிப் பார்த்தேன். படத்தில் முறைத்துக்கொண்டிருந்தாள்.

“மேடம் உங்க லெட்டர பைல்ல வெச்சிருக்காங்கப்பா” என்றாள். “காரணம்னு இருக்கற எடத்துல ‘நேரத்துக்குப் பஸ் இல்லை’ன்னு எழுதினாங்க.”

“அது பொய்யாச்சே. எமகண்டந்தானே காரணம்?”

“நானும் சொன்னேன். ‘ஏழரைக்கு ஒரு பஸ் நேரா வந்திருந்தா உங்கப்பாவுக்கும் தொல்ல இல்ல, உனக்கும் தொல்ல இல்ல. அதுவும் உண்மதான்’னு சொல்லிட்டாங்க.”

வீட்டுக்கு வந்து ஹால் டிக்கெட்டை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். மனைவி அதை உடனே எடுத்து, எண்ணெய் படும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டாள்.

பரீட்சைகளில் ஒன்று வியாழக்கிழமை வந்தது. பத்து மணிக்குத்தான் தேர்வு. ஏழே முக்கால் பஸ்ஸில் போனாலே போதும், எமகண்டமும் தாண்டிவிடும். புதன்கிழமை சாயங்காலம் அதைத்தான் மகளும் சொன்னாள்.

“நாளைக்கு ரெண்டாவது பஸ்லயே போறேன்பா. உங்களுக்கும் நிம்மதி.”

“அது நிக்காம போச்சுன்னா?” என்றேன். “மொத பஸ்ஸுக்கே கெளம்பு.”

அவள் பையை எடுத்து நீட்டினாள். கொண்டுபோய் டீக்கடையில் மாட்டிவிட்டு வந்தேன்.

காலை ஆறரைக்கு வெறுங்கையோடு அவள் படியிறங்கினாள். நானும் கூடவே இறங்கி வேகத்தடை வரைக்கும் நடந்தேன். கோயில் பூட்டியிருந்தது. கம்பி வழியாகவே பிள்ளையாரைக் கும்பிட்டோம். மலைப் பெண் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். மகள் டீக்கடையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, அதன் பக்கவாட்டில் செருகியிருந்த பாட்டிலைத் திறந்து நாலு மடக்கு தண்ணீர் குடித்தாள். மலைப் பெண்ணிடம் நீட்டினாள், அவளும் குடித்தாள். பஸ் வந்து வேகத்தடையில் முழுசாக நின்றது. இரண்டு பேரும் அவசரப்படாமல் ஏறினார்கள்.